பூரணத்தின் வாயை ஏன் அடைத்தீர்?

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மருமகன் நிசாந்துக்கு,

கோணேசப் பெருமான் அருளால் நீர் கொழும்பில் நலமாக இருப்பீர் என்று நம்புகிறேன். நாங்களும் வெள்ளிக்கிழமை பின்னேரம் உமது படத்தைப் பார்க்கும்வரை நலமாகத்தான் இருந்தோம்.

என் நாவலைப் படமாக்கக் கேட்டு வந்தபோது, ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன் என்று சொன்னீர். உண்மைதான், தலைப்பில் ஒரு எழுத்தும் மாறவில்லை. மற்றதெல்லாம் எங்கே? நான் எழுதியது இங்கிருந்து மூதூருக்குச் சனம் ஏற்றிக் கடலில் ஓடிய லோஞ்சியின் கதை. உத்தியோக காலம் முழுக்க அந்த இறங்குதுறையில் டிக்கெற் கிழித்தவன் நான். பழைய லோஞ்சி கிடைக்காது என்பது எனக்கும் விளங்கும். அதற்காகத் திமிங்கிலம் பார்க்கப் போகும் படகைக் கொண்டுவந்து நிறுத்துவதா? பக்கத்தில் பெரிய திமிங்கிலப் படம், அதன்கீழ் ஆங்கிலத்தில் ஒரு போன் நம்பர். ஆட்டுக்குட்டியும் மரக்கறிச் சாக்குமாக ஏறின சனமெல்லாம் செம்மஞ்சள் உயிர்காப்பு அங்கி போட்டுக்கொண்டு இருக்குது. கதாநாயகி மானோட பாட்டுப் பாடுறா. எங்கட ஊர் பஸ் ஸ்ராண்டில திரிஞ்சு சொப்பிங் பையைத் தின்னுற மானுக்கு என்னத்தைப் பாடுறது? என் கூட்டாளி, இஞ்சின் டிரைவர் ஸைனுலாப்தீனுக்கு நாவலில் தனி அத்தியாயமே உண்டு. மனுசன் பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மூதூரிலிருந்து பஸ் ஏறி வந்தவர். படத்தில் அவராக நடித்தவரின் முதுகு மட்டும் ஒருக்கா வந்தது. அதுதான் நான் என்று பிள்ளைகளுக்குக் காட்ட முதலே மறைந்துபோனது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அதையும் பொறுப்பேன். பூரணத்தை என்ன செய்தீர்? டிக்கெற்காரனின் பெண்சாதி பூரணம்தான் நாவலுக்கு உயிர். புருசன் பிந்தி வந்தால் படலையைப் பூட்டிவிட்டு உள்ளுக்கிருந்து விசாரிக்கிறவள். அவள் அவித்த பிட்டால் லோஞ்சியின் ஓட்டையை அடைக்கலாம். ஏசத் தொடங்கினால் கொட்டியாரக் குடாவைத் தாண்டி மூதூரில் நாய் குரைக்கும். அவளைத்தானே வாசித்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்? அப்பிடி ஒரு பொம்பிளையைக் கண்ணுக்கு முன்னால வைச்சுப் பாத்துப் பாத்து எழுதினனான். நீர் அவளை வாய் திறவாத தெய்வமாக்கிப்போட்டீர். இறங்குதுறையில விளக்கோட காத்து நிக்கிறா, புருசனுக்கு முள்ளெடுத்து மீன் குடுக்கிறா. எந்த ஊரிலயடா இது நடக்குது?

பக்கத்தில் இருந்த உமது மாமி சிவகாமிப்பிள்ளை கடைசிவரை அழுதுகொண்டிருந்தா. அவ நாவல் வாசிக்கிற ஆள் இல்லை. விற்காத பிரதிகளை, மாரியில் தண்ணீர் ஏறும் என்று அலுமாரிக்குக் கீழே அண்டை கொடுத்தவ. அவவே அழுதா என்றால் படம் எவ்வளவு மோசம் என்று யோசித்துப் பாரும்.

ஆகவே, வெளிநாட்டில் காட்டுமுன் என் பெயரைப் படத்திலிருந்து எடுத்துவிடும். இல்லையேல் நாவலை முழுதாகப் பத்திரிகையில் தொடராகப் போடுவிப்பேன். சனம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

அக்காவுக்கும் அத்தானுக்கும் எங்கள் அன்பைச் சொல்லும். உமக்கு நோய்நொடியில்லாத ஆயுளும், கொஞ்சம் வாசிப்புப் பழக்கமும் வாய்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உமது மாமன்
கதிராமன்

பி.கு.: தபாலுக்கு நேரமில்லை. கடிதத்தைப் போனில் படமெடுத்து அனுப்புறன். இப்பதான் மாமி குசினியிலயிருந்து வந்து, மீனை முள்ளெடுத்து எனக்கு முன்னால வைச்சா. "இவ்வளவு காலமும் என்னைப் பற்றி இப்பிடியே நினைச்சிருந்தனீங்கள்? ஒரு நாளும் வாயால சொல்லேல்லையே" எண்டு கேட்டா. பூரணம் தான்தான் எண்டு ஒழுங்கை முழுக்கச் சொல்லிப்போட்டாவாம். இனிப் படத்தில விட்டுப்போனதையும் அறியவேணுமாம். கண்ணாடியும் போட்டாச்சு. நாவலை எடுக்க, அலுமாரியைத் தூக்கிவிடச் சொல்லிப் பக்கத்து வீட்டு ஹிஸ்புல்லாவைக் கூப்பிட்டிருக்கிறா. மருமகன், உடன மாமிக்குப் போன் எடுத்து, படம்தான் நான் எழுதின கதை, புத்தகத்தை அச்சகத்தார் மாத்திப்போட்டாங்கள் எண்டு சொல்லும். என்ர பேரை இன்னும் பெரிசாப் போடும். அலுமாரி அசையுது.