யானைக்கு நீளம், மலைக்கு அகலம்

“ஒண்ணும் கொண்டு வரண்டாம் மக்கா. நீ வந்தா போதும்” என்று கனகதாஸ் போனை வைத்ததிலிருந்து ஜித்தினுக்குச் சோறு இறங்கவில்லை.

பெண் வீட்டுக்காரர் ஒன்றும் வேண்டாம் என்று சொன்னதை நம்பி வெறுங்கையோடு போன மாப்பிள்ளை கேரள எல்லையில் இருக்கும் பனச்சமூட்டில் இதுவரை இல்லை. வேண்டாம் என்பது அவர்கள் மரியாதை. கொண்டுபோவது நம் கடமை. பலகாரம் என்றால் பேக்கரியில் முடிந்துவிடும். கனகதாஸ் கூப்பிட்டிருப்பதோ காட்டுக்கு, படம் எடுக்க.

தவறு, பெண் பார்க்கப் போன அன்றே நடந்துவிட்டது. ஒற்றசேகரமங்கலத்தில் கனகதாஸின் வீட்டுச் சுவரெல்லாம் அவர் எடுத்த படங்கள்: மலை, நீர்க்காகம், யானையின் பின்பக்கம். “மோனுக்கு போட்டோ எடுக்கிற பழக்கம் உண்டோ?” என்று கேட்டார். டயர் கடையில் பில் போடும் ஜித்தின், காப்பி கொண்டுவந்த அஜிஷாவைப் பார்த்தபடியே, “உயிராக்கும் அங்கிள்” என்றான். அதுவரை அவன் எடுத்த படங்களில் முக்கால்வாசி, டயரில் ஆணி ஏறிய இடம்.

அஜிஷாவுக்குப் போன் செய்தான்.

“இதுக்கு முன்னே வந்தவரையும் அப்பா காட்டுக்குக் கூட்டிட்டுப் போனாரு. திரும்பி வந்து, ‘சரிப்படாது’ன்னு ஒரே வார்த்தையிலே முடிச்சிட்டாரு” என்றாள்.

“என்னத்துக்கு?”

“அதைப் பறயேல்ல.”

“அவன் எத்தனை லென்ஸ் கொண்டு வந்தான்?”

“ஒரு கேமரா. அதிலே ஒரு லென்ஸ். தோளிலே தொங்கிட்டு இருந்துது.”

“ஒண்ணே ஒண்ணா?” ஜித்தினுக்குக் காரணம் பிடிபட்டுவிட்டது.

“எப்படியாவது பாஸாயிருங்க. அடுத்தது துபாயிலே ஒருத்தரைப் பார்த்து வச்சிருக்காரு. அவருக்குத் தலையிலே முடி இல்ல.”

கல்யாண ஸ்டூடியோ வைத்திருக்கும் ஷிஜு, ஜித்தினோடு படித்தவன். விஷயத்தைக் கேட்டுவிட்டு அலமாரியைத் திறந்தான்.

“எலே, மலைக்கு வைடு வேணும், ஆனைக்கு டெலி வேணும். ஒண்ணு அகலத்தைப் பிடிக்கும், மத்தது தூரத்தைப் பிடிக்கும்.”

“ரெண்டும் பிடிக்கிறது ஒண்ணு கிடையாதா?”

“உண்டு. நான் கல்யாணத்துக்குக் கொண்டு போறது அதாக்கும். அதைக் கண்டா, நீ பந்தியிலே படம் பிடிக்கிறவன்னு நினைப்பாரு.”

ஜித்தின் இரண்டையும் எடுத்துக்கொண்டான். டெலி லென்ஸ் நன்றாகப் பால் குடித்து வளர்ந்த குழந்தையின் கனம் இருந்தது.

“இதை வச்சிட்டு கை நடுங்கினா ஆனை புகை மாதிரி வரும். ட்ரைபாடும் எடு.”

எடுத்தான்.

“காட்டிலே லென்ஸ் மாத்தினா தூசி கேறும். லென்ஸுக்கு ஒண்ணா ரெண்டு கேமரா கொண்டு போ.”

எடுத்தான். இதையெல்லாம் வைக்க ஷிஜு கொடுத்த பையில் ஒரு சிறிய குடும்பம் குடியிருக்கலாம்.

“ஏதாவது உடைஞ்சா?”

“ஒண்ணுமில்ல. உன் கல்யாணத்துக்கு வேற ஆளைப் பாரு.”

மறுநாள் மொட்டைமாடியில் பயிற்சி. அடுத்த வீட்டுத் தென்னையில் இருந்த காக்கையை டெலியில் பார்த்தால் அதன் ஒரு கண் மட்டும் தெரிந்தது. துணி காயப்போட வந்த அந்த வீட்டு ஷியாமளா அண்ணாந்து பார்த்தாள்.

“எங்கே பாக்குறே, ஜித்தினே?”

“காக்கையை அக்கா.”

“ஏன், உங்க விளைத் தென்னையிலே காக்கை வரமாட்டேங்குதா?”

சமாதானத்துக்கு, அவள் குடும்பத்தைப் படம் எடுத்துத் தருவதாகச் சொன்னான். எல்லோரும் தலை வாரி வாசலில் நின்றார்கள். டெலியில் அவள் கணவரின் மூக்குதான் அடங்கியது. பின்னால் நகர்ந்தான். ரோட்டைத் தாண்டினான். குடும்பம் முழுவதும் அடங்கியபோது அவன் தமிழ்நாட்டில் நின்றுகொண்டிருந்தான்.

“படம் எடுக்கச் சொன்னா மாநிலம் விட்டுப் போறானே” என்றார் அவள் கணவர்.

திரும்பி வந்து வைடு லென்ஸை மாட்டினான். ஓரத்தில் நின்ற ஷியாமளா இரண்டு மடங்கு அகலமாகிவிட்டாள். அந்தப் படத்தை அவன் யாருக்கும் காட்டவில்லை.

“ஆளுகளுக்கு வேற லென்ஸாக்கும்” என்று ஷிஜு மூன்றாவதையும் கொடுத்தான். கனகதாஸ் குடும்பப் படம் கேட்டால் ஒற்றசேகரமங்கலத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு ஓட முடியாது என்பதால் ஜித்தின் மறுக்கவில்லை.

குறித்த நாள் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தான். முதுகில் பை, தோளில் ட்ரைபாட், கழுத்தில் இரண்டு கேமரா, கையில் பேக்கரிக் கவர். வீட்டு முன்னால் ஜீப் நின்றது. கனகதாஸ் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

“இதெல்லாம் என்ன மக்கா?”

“லென்ஸ் அங்கிள். மலைக்கு, ஆனைக்கு, ஆளுக்கு. எல்லாம் தனித்தனியா உண்டு.”

கனகதாஸ் அவன் இடது தோளைப் பார்த்தார். வலது தோளைப் பார்த்தார். கைகளைப் பார்த்தார். “சரிப்படாது” என்று சுவரிடம் சொல்வதுபோல் சொல்லிவிட்டு உள்ளே போனார். ஜன்னலில் அஜிஷாவின் முகம் தெரிந்தது. அதில் துபாய் தெரிந்தது.

காப்பியோடு வந்த அஜிஷாவின் அம்மா ரத்னபாயிடம், மகளின் எதிர்காலத்தையே கேட்பது போன்ற குரலில் ஜித்தின் கேட்டான்.

“ஆன்ட்டி, எந்த லென்ஸ் விட்டுப்போச்சு?”

“லென்ஸ் அவருக்கிட்டே அலமாரி நிறைய உண்டு மக்கா. முதுகிலே ஆப்பரேஷன் கழிஞ்ச பொறவு அதைச் சுமக்கத்தான் ஆளில்ல. அதுக்காக்கும் மருமகனைத் தேடினது.”