மாப்பிள்ளையின் கீபோர்டு விஷயமாக

குன்றத்தூர்,
வெள்ளிக்கிழமை.

மதிப்பிற்குரிய சம்பந்தி கோதண்டராமன் அவர்களுக்கு, முனிரத்தினம் பணிவுடன் எழுதுவது. இங்கு நான், என் மனைவி சின்னப்பொண்ணு, மகள் பிரவீனா, தங்கள் மகனும் எங்கள் மாப்பிள்ளையுமான இனியவன் எல்லோரும் உடல்நலத்தோடு இருக்கிறோம். பென்னலூரில் தாங்களும் சம்பந்தியம்மாளும் அவ்வாறே இருப்பீர்கள் என நம்புகிறேன். என் மனநலத்தைப் பற்றி மாப்பிள்ளை போனில் சொல்லியிருப்பார். என் தரப்பையும் தாங்கள் கேட்க வேண்டும்.

ஒரகடத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் தமிழ் அறிவிப்புகளை டைப் செய்ய ஆள் தேடுகிறார்கள். திங்கட்கிழமை தேர்வு. ஓய்வு பெற்ற பிறகு யாரும் என்னை எதற்கும் தேடியதில்லை. ஆகவே துணிந்து விண்ணப்பித்துவிட்டேன். அலுவலகத்துப் பெண் கனிஷ்கா, "உங்க கீபோர்டையே எடுத்துக்கினு வாங்க சார்" என்றும் சொன்னார். சிக்கல் என் விரல்களில்தான். தட்டச்சு இயந்திரத்தில் பழகியவை. இடது சுட்டுவிரலின் கீழ் 'க', வலது சுட்டுவிரலின் கீழ் 'த' இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் நான் சொன்னாலும் அவை கேட்பதில்லை. மாப்பிள்ளையின் மெக்கானிக்கல் கீபோர்டில் எழுத்துகளை விருப்பப்படி இடம் மாற்றலாம் என்று அவரே பெருமையாகச் சொல்லியிருந்தார். மாற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "தாராளமா, மாமா" என்றார். எல்லாவற்றையும் மாற்றுவேன் என்று எதிர்பார்க்கவில்லை போலும்.

எழுத்து மூடிகளைக் கழற்றி, சோப்பு நீரில் அலசி, மொட்டைமாடியில் மோர்மிளகாய்க்குப் பக்கத்தில் உலர்த்தினேன், ஒன்றைக் காகம் தூக்கிப்போய்விட்டது, அந்த இடத்தில் பற்பசை மூடியைப் பொருத்தினேன், கச்சிதமாக இருந்தது, இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, "வூட்ல ஒரு நாற்காலிய நவுத்த பத்து தடவ யோசிக்கிற மனுஷன், ஊர் எழுத்தையெல்லாம் இடம் மாத்திக்கினு கீறாரு பாரு!" என்றாள். கம்ப்யூட்டர் வழியாக நான் செய்த எழுத்து மாற்றம் கம்ப்யூட்டரில் அல்ல, கீபோர்டுக்குள்ளேயே பதிந்துவிடும் என்பது மட்டும் எனக்குத் தெரியாமல் போயிற்று. மாப்பிள்ளை தன் கம்பெனி ஆட்களின் ஷிப்ட் பட்டியலை அனுப்ப அந்தக் கீபோர்டைக் கம்பெனி லேப்டாப்பில் செருகியிருக்கிறார்.

"மாமா! இன்னா பண்ணி வச்சிகீறீங்க? பாஸ்வேர்டு ஏற மாட்டேங்குது!"

"நன்றாக நினைவுபடுத்திப் பாருங்கள், மாப்பிள்ளை."

"என் பாஸ்வேர்டு எனக்குத் தெரியாதா? இப்ப லாக்கே ஆயிடுச்சி!"

பட்டியல் போகவில்லை. மறுநாள் காலையில் இரண்டாம் ஷிப்ட்காரர்களும் முதல் ஷிப்ட் பஸ்ஸிலேயே ஏறிவிட்டார்களாம், லைனில் நிற்க இடமில்லையாம், கேன்டீனில் பொங்கல் தீர்ந்து சூப்பர்வைசரே வெறும் சட்னியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். அன்று மாலை பிரவீனா, "அப்பா, பழைய மாதிரி மாத்திக் குட்த்துடுப்பா" என்றாள். "முடியாது" என்று ஒரு குரல் கேட்டது. யார் அப்படிச் சொன்னது என்று திரும்பிப் பார்த்தேன். நான்தான் சொல்லியிருக்கிறேன். உடனே அவள் என் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள்.

நான் சொல்வது தவறாகவும் இருக்கலாம். ஆனாலும் திங்கட்கிழமை மாலை வரை அந்தக் கீபோர்டு இப்படியே இருக்கட்டும் என்று தாங்கள் மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தந்தை சொன்னால் கேட்பார். தங்கள் இல்லத்தில் எல்லா நலமும் நிறைய வேண்டுமென முருகனை வேண்டிக்கொள்கிறேன்.

தங்கள் அன்புள்ள,
முனிரத்தினம்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் கனிஷ்கா போன் செய்தார். தேர்வே கிடையாதாம். விண்ணப்பத்தில் என் கையெழுத்து அழகாக இருந்ததால் வேலை எனக்கேயாம். அறிவிப்புகளைக் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதினால் போதுமாம். கீபோர்டோடுதான் வருவேன் என்றேன். "சாக்பீஸ் புடிக்க கீபோர்டு இன்னாத்துக்கு சார்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான், ஆனால் என் விரல்கள் அதை விடுவதாயில்லை. ஆகவே மேலே 'திங்கட்கிழமை மாலை வரை' என்று எழுதியிருப்பதை 'இனி எப்போதும்' என்று திருத்திப் படிக்கவும்.