டைம் கீப்பர் அண்ணாச்சியின் பகல் பஸ்

சொந்த ஊருக்கு வெளியே ஒரு மலையைக்கூடப் பகலில் பார்க்காமல், தமிழ்நாட்டின் அத்தனை மலைக்கும் வழி சொன்ன மனிதர் எங்கள் டைம் கீப்பர் அண்ணாச்சியைத் தவிர இன்னொருவர் இருக்க முடியாது. பஸ் ஸ்டாண்டில் அவருக்கு எந்த உத்தியோகமும் கிடையாது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். நான் அங்கேயே பேக்கிங். சம்பளப் பட்டியலில் அவருக்கு வேறு ஏதோ பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கறிக்கடைக்குப் போனால் அவர் பஸ் ஸ்டாண்டுக்குப் போவார். கால அட்டவணைப் பலகையைச் செல்போனில் படம் பிடிப்பார். அதையும் நம்பாமல் கண்டக்டர்களை விசாரிப்பார். மறுநாள் மதியம், ஏற்றுமதிப் பெட்டியிலிருந்து கிழித்த அட்டையில் மார்க்கரால் எழுத ஆரம்பித்துவிடுவார். எங்கே பஸ் மாறுவது, வெயில் எந்தப் பக்கம் விழும், எந்த ஜன்னலில் மலை தெரியும் எல்லாம் இருக்கும். சீக்கிரம் போய்ச் சேரும் வழி மட்டும் இருக்காது.

எங்கள் சூப்பர்வைசர் ஒருமுறை கோயமுத்தூர் கல்யாணத்துக்கு வழி கேட்டு மாட்டிக்கொண்டார். அண்ணாச்சி அவரை, வழியில் மயில் பார்க்கலாம் என்று சேவூர், புளியம்பட்டி, அன்னூர் எனச் சுற்றி அனுப்பினார். மனிதர் போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்களாம்.

"ஏனுங்க, கல்யாணத்துக்குப் போறவனுக்கு மயிலு எதுக்குங்க?" என்று மறுநாள் வந்து நின்றார்.

"மயிலு இருந்துச்சா இல்லியா, அதச் சொல்லுங்க."

"இருந்துச்சுங்க" என்றார் சூப்பர்வைசர், பசியோடு.

எனக்கும் அவருக்கும் ஒட்டிக்கொண்டது என் பயத்தால்தான். நான் எட்டாவதோடு நின்றவன். பாடம் ஏறாத மண்டையில் பயம் மட்டும் நன்றாக ஏறும். பஸ் கிளம்பும்போதே அது கவிழ்ந்து கிடப்பது எனக்குத் தெரியும். இதற்காக ஊரே என்னைக் கேலி செய்தது. அண்ணாச்சி மட்டும் என்னைத் தேடி வந்து, அட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"நீ பயப்படு தம்பி. நான் பிளான் போடுதேன்."

பஞ்சர் என்றேன். பின்னால் வருகிற பஸ்ஸை எழுதிக்கொண்டார். அக்காவுக்கு வாந்தி வருமே என்றேன். முன் சீட்டு, எலுமிச்சம்பழம் என்று எழுதிக்கொண்டார். மலையில் பனி மூடிவிட்டால் என்றபோது மட்டும் மார்க்கரை மூடிவிட்டு அட்டையை வீட்டுக்கு எடுத்துப் போனார்.

அக்கா என்றது அவர் மனைவியை. செக்கிங்கில் வேலை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து டியூப் லைட் வெளிச்சத்தில் துணியை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர். அவர் பார்த்ததெல்லாம் ஓட்டையும் எண்ணெய்க் கறையும்தான். சொந்த ஊர் தென்காசிப் பக்கம். தீபாவளிக்குத்தான் போவார்கள்.

"ராத்திரி பஸ்ல போறோம், ராத்திரி பஸ்ல வாரோம். நடுவுல ஒரு நாடே கெடக்கு தம்பி. எங்க வீட்ல அத ஒருதடவகூடக் கண்ணால பாக்கல."

அதற்குத்தான் அந்தப் பெரிய அட்டை. தாராபுரம், பழனி, அங்கிருந்து மலையேறிக் கொடைக்கானல், வத்தலக்குண்டில் இறங்கித் தேனி, ராஜபாளையம், தென்காசி. எல்லாம் பகல் பஸ், இடையில் தேனியில் ஒரு தங்கல்.

போன தீபாவளிக்கு அட்டையும் கையுமாக இருவரும் விடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்கள். அட்டையில் இருந்த ஒரு பஸ்ஸும் அங்கே இல்லை. எல்லாம் மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் ஸ்பெஷலாகப் போய்விட்டதாகக் கண்டக்டர் சொன்னார். வருஷமெல்லாம் சாதாரண ஞாயிற்றுக்கிழமையில் பலகையைப் பார்த்தவருக்கு இது தோன்றவே இல்லை. பயப்படுவதையே பிழைப்பாக வைத்திருந்த எனக்கும் தோன்றவில்லை. பலகை உண்மை பேசும் நாளில் எங்களுக்கு லீவு கிடையாது. எங்களுக்கு லீவு கிடைக்கும் நாளில் பலகை பொய். கடைசியில் வழக்கம்போல ராத்திரி ஸ்பெஷலில் நின்றுகொண்டே ஊர் போனார்கள்.

அப்புறம் ஆர்டர் குறைந்தது. ஒவ்வொரு லைனாக மெஷின்களை மூடி வைத்தார்கள். இந்த ஒன்றுக்கு நான் முன்கூட்டியே பயந்திருந்தேன், அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஒருநாள் கேட்டிலேயே எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். அக்கா டிபன் பாக்ஸைப் பிடித்தபடி அங்கேயே நின்றார். ஊரோடு போய்விடுவதென்று அன்றே முடிவு செய்தார்கள். இனித் திருப்பூருக்கு வரப்போவதில்லை. இந்த வழி இனி அவர்களுக்கு இல்லை.

பாத்திரம் பண்டமெல்லாம் லாரியில் போனது. வழியனுப்பப் போன என்னிடம் அண்ணாச்சி கிசுகிசுத்தார். "தம்பி, இன்னிக்கு வெறும் செவ்வாக்கெழம. பஸ்ஸெல்லாம் அதது எடத்துல நிக்கு."

வேலை போன மனிதர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அக்காவை நிழல் பக்கம் ஜன்னலோரம் உட்காரவைத்தார். அட்டை அண்ணாச்சி மடியில் இருந்தது. பஸ் அவிநாசிபாளையம் தாண்டியிருக்காது, நான் போனை எடுத்து எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

மதியத்துக்கு மேல் போன் வந்தது. அண்ணாச்சி என்று நினைத்தேன், அக்கா.

"தம்பி, நீங்க பயந்த பனி வந்துட்டு. கொடைக்கானல்ல எதிர்ல நிக்கவங்க மூஞ்சி தெரியல. வந்த பஸ்ஸ ஒங்க அண்ணாச்சி விட்டுட்டாக. 'இதத் தம்பி அன்னைக்கே சொன்னான், இதுக்குன்னே பின்னால ஒரு பஸ் எழுதி வச்சிருக்கேன்'ன்னு ஒக்காந்துட்டாக."

"அப்புறங்க அக்கா?"

"பெறவு பனி வெலகிட்டு," என்றார் அக்கா. "இம்புட்டும் இங்கனயே இருந்திருக்கு தம்பி."

பின்னால் அண்ணாச்சி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. குளிராக இருக்கலாம்.

நான் இப்போது திருப்பூர் பக்கத்து மங்கலத்தில், விசைத்தறி ஓடும் ஒரு தறிக்குடோனில் வேலை செய்கிறேன். புதிதாக நிறைய பயங்கள் சேர்ந்திருக்கின்றன. மடியில் அட்டையை வைத்துக்கொண்டு கேட்க அவர் இல்லாமல், எல்லாம் சும்மா கிடக்கின்றன.