கால் மணிக்கு ஒரு ஃபீஸ்

வக்கீல் ஆபீஸிலிருந்து வந்த ஃபீஸ் பட்டியலைப் பெயின்டர் இரண்டு முறை படித்தார். பிறகு மனைவியைப் படிக்கச் சொன்னார். அவள் படித்தும் தொகை குறையவில்லை.

நாலு மாதத்துக்கு முன் சிக்னலில் நின்றிருந்த அவருடைய காரை ஒரு வேன் பின்னாலிருந்து இடித்தது. வலது தோள்பட்டையில் பலமான அடி. இன்சூரன்ஸ் கம்பெனி எட்டு நாள் பிசியோதெரபிக்குப் பணம் கட்டியது. ஒன்பதாவது நாள், கை குணமாகிவிட்டது என்று கடிதம் போட்டது. கைக்கு அந்தத் தகவல் போய்ச் சேரவில்லை. தோள் உயரத்துக்கு மேல் எழும்ப மாட்டேன் என்றது. இன்னும் இருபது நாள் சிகிச்சை எடுத்தால் எழும்பும் என்றார் பிசியோதெரபிஸ்ட். அதுவரை, பாதிச் சுவர் மட்டும் அடிக்கும் பெயின்டரை யார் கூப்பிடுவார்கள்?

மனைவிதான் அவரை வக்கீலம்மாவிடம் இழுத்துப் போனாள். அந்த அம்மாள் அரை மணி நேரம் சட்டம் பேசினார். பெயின்டர் அந்த ஆபீஸின் உரிந்துபோன சுவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

இப்போது பட்டியல் வந்திருக்கிறது. கால் மணிக்கு இவ்வளவு என்று கணக்கு.

"கையும் போய், வீட்டுல இருக்கறதும் போயிடும் போலிருக்கு. கேஸை நிறுத்திடச் சொல்றேன்," என்றார்.

"கை வேணுமா வேண்டாமான்னு முதல்ல யோசிங்க," என்றாள் மனைவி.

மறுநாளே போய்ச் சொல்லிவிட்டார். வக்கீலம்மா கேட்பதாயில்லை. "ஃபீஸைப் பத்தி நீங்க ஏன் கவலைப்படுறீங்க? தோளைப் பாருங்க," என்று அனுப்பிவிட்டார். கவலைப்படாதே என்று சொல்கிறவர்களைக் கண்டால்தான் பெயின்டருக்குக் கவலையே வரும். அடுத்த வாரப் பட்டியலில் புதிதாக ஒரு வரி இருந்தது: 'கட்சிக்காரர் நேரில் வந்து வழக்கை நிறுத்தச் சொன்னது, அரை மணி.'

பதறிப்போய் போன் செய்தார். 'கட்சிக்காரர் தொலைபேசியில் வருத்தம் தெரிவித்தது, கால் மணி.'

இனி வக்கீலம்மாவின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்று, சமையலறை மேஜையில் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதிப் போட்டார். 'கட்சிக்காரரின் கடிதம், கையெழுத்து புரியாததால் இரு முறை வாசித்தது, முக்கால் மணி.'

கடைசியில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. வேலை செய்தே கழித்துவிடலாம். பெயின்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாக ஒரு சனிக்கிழமை ஆபீஸுக்குப் போய், அந்த உரிந்த சுவரைச் சுரண்டி, பட்டி பூசி, மத்தியானத்துக்குள் வெளிர்நீலம் அடித்தார். தோள் உயரம் வரை மழமழவென்று வந்தது. அதற்கு மேல் பழைய அழுக்கு மஞ்சள் அப்படியே நின்றது. ஏணியில் ஏறிப் பார்த்தார். வலி பொறுக்காமல் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டார். இருபது வருஷத்தில் எந்தச் சுவரையும் அவர் பாதியில் விட்டதில்லை. கண் கலங்கிவிட்டது.

வக்கீலம்மா உள்ளே வந்தார். சுவரைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். கையைத் தூக்கிக் காட்டச் சொல்லி, சுவரையும் அவரையும் சேர்த்துப் போட்டோ எடுத்தார். அதைக் கம்பெனிக்கு அனுப்பப்போவதாகச் சொன்னார். 'சுவரை நேரில் ஆய்வு செய்தது, ஒரு மணி' என்ற வரியோடு, ஃபீஸ் மொத்தச் சிகிச்சைச் செலவையும் தாண்டியது. பெயின்டர் அந்தப் பட்டியலை மனைவியிடம் காட்டவே இல்லை.

பத்தே நாளில் கம்பெனி பணிந்தது. இருபது நாள் சிகிச்சைக்கும் முழுப் பணம். ஐந்தாவது நாளே கை காது வரை எழும்பியது. வீடு முழுக்க அதைத் தூக்கித் தூக்கிக் காட்டிக்கொண்டு திரிந்தார். பிறகு ஃபீஸ் ஞாபகம் வந்து இறக்கினார்.

வேறு வழியில்லாமல் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லி, அவளையும் அழைத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனார். வக்கீலம்மா கோர்ட்டுக்குப் போயிருந்தார். டைப்பிஸ்ட் மட்டும் இருந்தார்.

"மாசா மாசம் கொஞ்சம் கொஞ்சமா கட்டிடுறேங்க," என்றார் பெயின்டர். "ஆனா கேஸை ஜெயிச்சுக் குடுத்தது என் சுவர்தானே. அதுக்காக ஏதாவது பாத்துக் குறைப்பாங்களா?"

டைப்பிஸ்ட் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"சுவர் போட்டோவைக் கம்பெனிக்காரங்க பிரிச்சே பாக்கலைங்க. வைத்தியப் பணத்தைத் தப்பா மறுத்தா, சட்டப்படி நம்ம வக்கீல் ஃபீஸையும் கம்பெனிதான் கட்டணும், அதனால பட்டியல் வாராவாரம் அவங்களுக்குத்தான் போச்சு, உங்களுக்கு வந்தது நகல். 'அந்தப் பெயின்டர் கேஸை நிறுத்தச் சொல்லி இன்னொரு தடவை உங்க ஆபீஸ் படி ஏறுறதுக்குள்ள முடிச்சு விட்டுடுங்க'ன்னு அவங்க மேனேஜரே போன் பண்ணிக் கெஞ்சினாரு."