சாக்கெட் ஒழிந்த வரலாறு

உலகத்தில் எத்தனையோ புரட்சிகள் நடந்திருக்கலாம். ஆனால் ஒரே ஒரு ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு, இரண்டே நாளில், தேநீர் இடைவேளைகூடத் தவறாமல் நடந்த புரட்சி எங்கள் அலுவலகப் புரட்சிதான். அதன் கூட்டக் குறிப்பை எழுதிய பெருமை அடியேனுடையது.

எங்கள் மேலாளர் ஏதோ ஒரு பயிற்சிக்குப் போய்வந்தார். அங்கே கூரையிலிருந்த கேமராவில், கட்டடத்துக்குள் ஓடும் நெட்வொர்க் கேபிளையே நேராகச் செருகியிருந்தார்களாம். நடுவில் சாக்கெட் இல்லை. அந்தக் காட்சி அவரை உலுக்கிவிட்டது. உடனே 'நேரடித் தொடர்பு'த் திட்டம் பிறந்தது.

"கேபிளுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல சுவர்ல இந்த சாக்கெட் எதுக்கு? என்ன வேலை செய்யுது? சும்மா உட்கார்ந்திருக்கு!" என்று கூட்டத்தில் முழங்கினார்.

சும்மா உட்கார்ந்திருப்பதைப் பற்றிப் பேச்சு வந்ததும் எங்களில் பலர் நிமிர்ந்து உட்கார்ந்தோம். கேபிள்காரர் மட்டும் எழுந்து நின்றார். பதினொரு வருடமாக எங்கள் நெட்வொர்க் கேபிள்களைப் பார்த்துக்கொள்ளும் தற்காலிக ஊழியர். மாதக் கடைசியில் வேலை நிரந்தரமாகும் என்று அவர் மனைவி காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தார்.

"சார், கூரை கேமரா நகராது. அதுக்கு நேரா மாட்டலாம். மேஜை அப்படியா? சுவருக்குள்ள ஓடுறது கெட்டிக் கம்பி. இழுத்து இழுத்து மடக்குனா ஒடிஞ்சிடும். அப்புறம் சுவரோட மல்லுக்கட்டணும். சாக்கெட் இருந்தா இழுப்பையெல்லாம் அது வாங்கிக்கும், உள்ள இருக்கிற கம்பி அசையாது."

"நீங்க பழைய காலத்து ஆளு," என்றார் மேலாளர், கனிவாக.

"கம்பிக்கு அதெல்லாம் தெரியாது சார்."

இந்த உரையாடல் குறிப்பில் இல்லை. எங்கள் அலுவலகத்தில் குறிப்பைக் கூட்டத்துக்கு முதல் நாளே எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுவது மரபு. கூட்டம் அதை ஒட்டி நடந்தால் போதும். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது அநாகரிகம். 'கேபிள் ஊழியர் திட்டத்தை மனமார வரவேற்றார்' என்று நான் எழுதியிருந்தேன். அதன் கீழே அவர் கையெழுத்தும் இருந்தது.

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் கேபிள்காரர் என்னை ஓரமாக அழைத்துப் போனார். "அண்ணே, நான் சொன்னதை ஒரு வரி சேர்த்துடுங்களேன்."

"டைப் பண்ணியாச்சுப்பா. பக்க எண் மாறிடும்," என்றேன்.

நாற்பத்திரண்டு சாக்கெட்டுகள் விடைபெற்றன. சுவர் ஓட்டைகளிலிருந்து கேபிள்கள் மூக்கை நீட்டின. கைதட்டல் ஓயுமுன் மேலாளர் அடுத்த சீர்திருத்தத்தில் இறங்கினார்: 'புத்துணர்ச்சி இருக்கை'. வாரந்தோறும் திங்கட்கிழமை எல்லோரும் மேஜையை இடம் மாற்றிக்கொள்ள வேண்டும். இழுத்தோம், மடக்கினோம், புத்துணர்ச்சி பெற்றோம். மூன்றாம் திங்கட்கிழமை பதினேழு கம்ப்யூட்டர்கள் மௌன விரதம் பூண்டன. நான்காவது வாரம், தலைமை இயக்குநரிடம் திரையில் மேலாளர் 'தடையில்லாத் தொடர்பு' என்று சொல்ல ஆரம்பித்தார். 'தடை' வரைக்கும்தான் போய்ச் சேர்ந்தது.

இயக்குநர் நேரிலேயே வந்துவிட்டார். "இந்தக் கூத்தை யாருமே தடுக்கலையா?"

மேலாளர் குறிப்பேட்டைக் காட்டினார். நான் கணீரென்று வாசித்தேன்: "மனமார வரவேற்றார்."

"அண்ணே, நீங்களாவது சொல்லுங்கண்ணே. நான் அன்னிக்கு எழுந்து சொன்னேனா இல்லையா?" என்று கேபிள்காரர் என் பக்கம் திரும்பினார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் குறிப்பில் இல்லாததை ஒரு பொறுப்புள்ள எழுத்தர் எப்படிச் சொல்வது? காலண்டரில் வட்டம் போட்ட தேதியில் அவருக்கு உத்தரவு வந்தது. வேலைநீக்க உத்தரவு. நான்தான் டைப் அடித்தேன். ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை.

இப்போது சாக்கெட்டுகளைத் திரும்ப மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். சாக்கெட் என்ன வேலை செய்கிறது என்று மேலாளருக்குத் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இழுப்பெல்லாம் வாங்கிக்கொள்ளத் தனக்கும் தன் தவறுக்கும் நடுவில் ஓர் ஆளை எத்தனை கச்சிதமாகப் பொருத்தினார்! ஸ்க்ரூவை முடுக்கிக் கொடுத்தது மட்டும் நான்.