உபயம்: அரங்கநாதன்

கொடுப்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வாங்குபவர்களையும் பார்த்திருப்பீர்கள். கொடுப்பதையும் வாங்குவதையும் ஒரே கையால், ஒரே நாளில், சில சமயம் ஒரே ஆளிடமே செய்து முடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து கால் மேல் கால் போட்டு நிம்மதியாகக் காபி குடிக்கிற மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறதே, அதைக் கவனித்திருக்கிறீர்களா? பட்டணத்தில் அதற்கு வென்ச்சர் கேப்பிடலிஸ்ட் என்று பெயர். கள்ளக்குறிச்சியில் அரங்கநாதன் என்று பெயர்.

இந்த இனம் பைபாஸ் ஓரத்தில் விளைகிறது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதுதான் தாமதம், அதுவரை ஆடுகூட மேய யோசித்த அரங்கநாதன் வீட்டு மேட்டுக் கொல்லை மனைகளாகி, மனைகளுக்குக் கல் நட்டு, கல்லுக்கு மஞ்சள் பூசி, ஒவ்வொன்றும் ஒரு கார் விலைக்குப் போயிற்று. கையில் காசு வந்தால் மனிதர்கள் வட்டிக்கு விடுவார்கள், ஆலை வைப்பார்கள், மகளுக்குத் தடபுடலாகக் கல்யாணம் செய்வார்கள். அரங்கநாதன் அப்படிச் சாதாரணமாகப் போய்விடக்கூடியவரா? கோயம்புத்தூரில் ஒரு நட்சத்திர ஓட்டலில் நடந்த இரண்டு நாள் வகுப்புக்குப் போய், குளிரூட்டிய அறையில் நடுங்கிக்கொண்டே உட்கார்ந்து, நின்றுகொண்டே சாப்பிடும் சாப்பாட்டைச் சாப்பிட்டு, சான்றிதழோடு திரும்பி, அதைப் பெருமாள் படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினார். அன்று முதல் அவர் முதலீட்டாளர். வட்டிக்கு விடுகிறவர் என்று யாராவது சொல்லிவிட்டால் முகம் சுண்டிப் போகும்.

"வட்டிக்காரன் உன் பாக்கெட்ட பாப்பான். நான் உன் மூளைய பாக்கறேன்" என்பார்.

மூளையைப் பார்க்கும் முறை ஒன்று உண்டு. யோசனையோடு வருகிறவரை எதிரே உட்காரவைத்து, "ஒரு நிமிஷம்தான் டைம், சொல்லு" என்பார். வந்தவர் வாயைத் திறப்பார். உடனே அரங்கநாதன் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, கோயம்புத்தூர் வகுப்பில் கேட்டதையெல்லாம் ஒரு மணி நேரம் சொல்லுவார். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, "எக்ஸிட் இன்னா?" என்று ஒரு கேள்வி. வந்தவர் வாசலைப் பார்ப்பார். எக்ஸிட் என்றால் வாங்கிய பங்கை நல்ல விலைக்கு வேறு யாருக்காவது தள்ளிவிட்டுக் கிளம்புவது என்று பிறகு அவரே விளக்குவார். இந்தத் தேர்வில் தேறியவைதான் ஷேர் ஆட்டோ கூப்பிடும் ஆப்பும் இளநீர் ஐஸ்கிரீமும். ஆப்பைத் திறந்து பேரும் ஊரும் தட்டுவதற்குள் "சங்கராபுரம், சங்கராபுரம்" என்று கூவி அழைத்த ஆட்டோ நிறைந்து கிளம்பிவிட்டதால் முதலாவது படுத்தது. இரண்டாவது, கரண்டு போன ஒரு சித்திரை மாதப் பகலில் மறுபடி இளநீராகவே ஆகிவிட்டது. மற்றவர்கள் இதை நஷ்டம் என்பார்கள். அரங்கநாதன் அனுபவம் என்பார். பங்கு போட்ட கடைகளில் ஒன்றிரண்டு தப்பித்தவறி ஓடினால், அந்தக் கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிற வாடிக்கையாளருக்கெல்லாம் இந்தக் கடை யாரால் நடக்கிறது என்பதைச் சொல்லிக்கொண்டிருப்பார்.

தர்மத்திலும் ஆள் சளைத்தவர் அல்ல. அவர் தருமம் செய்த பொருள்களில் பொருளைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம், பெயரைக் கண்டுபிடிப்பது சுலபம். பள்ளிக்கூடத்துக்குத் தட்டு கொடுத்தார். சோறு தீரத் தீர அவர் பெயர் அடியிலிருந்து எழுந்து வரும். முதியவர்களுக்குக் கைத்தடி கொடுத்தார். மேலிருந்து கீழாக எழுத்து. கல்யாண மண்டபத்தில் மணமகள் அறைக்கு ஒரு ஆளுயரக் கண்ணாடி கொடுத்தார் பாருங்கள், அதில் "உபயம்: அரங்கநாதன்" என்பது சரியாக நெற்றி உயரத்தில் வந்துவிட்டது. அந்த வட்டாரத்தில் சென்ற மூன்று முகூர்த்த காலமாகக் குனிந்துதான் பொட்டு வைத்துக்கொள்கிறார்கள்.

மூன்றாவது தொழில் கட்சிக்கு நிதி திரட்டுவது. இதில் அவர் நிஜமாகவே மேதை. பணம் என்ற சொல்லை வாயால் சொல்லவே மாட்டார். சின்னசேலத்தில் ஒரு இரும்புக் கடைக்குள் நுழைவார். டீ வரும். கடைக்காரரின் அப்பாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது என்று கேட்பார். பிறகு பேசாமல் உட்கார்ந்திருப்பார். அவ்வளவுதான். வாடிக்கையாளர்கள் வருவார்கள், போவார்கள், அவர் சிரித்த முகமாக ஆணி டப்பாக்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். மௌனம் தாங்காமல் கடைக்காரரே, "மாநாட்டுக்கு நம்ம பங்கா இன்னா செய்யணுங்க?" என்று கேட்டுவிடுவார். "அடடா, நீங்களே கேட்டுட்டீங்க" என்று அரங்கநாதன் ஆச்சரியப்படுவார். ஒவ்வொரு கடையிலும் ஆச்சரியப்படுவார்.

இத்தனை திரட்டியும் கட்சியில் அவருக்குப் பதவி எதுவும் இல்லை என்பதுதான் அவர் மனசில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. மாவட்டப் பொருளாளர் பதவி காலியாக இருந்தது. ஆடிப்பெருக்கு முடிந்ததும் ஆளைத் தீர்மானிக்கப் போகிறவர் மாவட்டச் செயலாளர் வெற்றிவேல். போட்டிக்கு ஒரு ஜவ்வரிசி ஆலைக்காரர் நின்றார். அவர் ஏதோ ஊருக்கு ஆம்புலன்ஸ் வாங்கிக் கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டதிலிருந்து அரங்கநாதனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இந்த நேரத்தில்தான் மலர்விழியின் மெஷின் வந்து சேர்ந்தது.

மலர்விழி சங்கராபுரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு மில் வைத்திருப்பவள். கல்வராயன் மலையில் விளையும் சாமையை மலைக்காரர்களிடம் நியாயமான விலைக்கு வாங்கி, உமி நீக்கி, அரிசியாக்கி, தன் பெயர் போட்ட பையில் அடைத்துச் சேலம் வரைக்கும் அனுப்பிக்கொண்டிருந்தாள். பழைய மெஷின் பாதியை அரிசியாக்கும், பாதியை மாவாக்கும். புது மெஷினுக்கு அவள் அரங்கநாதனிடம் கேட்டது கடன். அவர் கொடுப்பதாகச் சொன்னது பங்குக்கு முதலீடு. நூற்றுக்கு அறுபது பங்கு அவருக்கு. அவளுக்கு வேறு வழி இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றாள். அப்புறம்தான் காதில் விழுந்தது, சேலத்துக் கம்பெனி ஒன்றிடம் அந்த அறுபதை விற்க அவர் இப்போதே பேசிக்கொண்டிருக்கிறார் என்று. அதாவது எக்ஸிட். கம்பெனிக்காரன் வந்தால் பை இருக்கும், பையின் மேல் அவள் பெயர் இருக்காது, மில்லில் அவளும் இருக்கமாட்டாள்.

ஒரே ஒரு மூச்சு விடுகிற இடம்தான் பாக்கி. ஆடி மாதத்தில் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதில்லை என்பது அரங்கநாதன் குடும்பத்து வழக்கம். மெஷினை ஆடிப்பெருக்கன்று ஓட்டிவிடலாம், அது நல்ல நாள். கையெழுத்து ஆவணியில். அதனால் மெஷினுக்குப் பணம் போயிற்று, மெஷினும் வந்தது, பத்திரம் மட்டும் டைப் அடித்தபடி மஞ்சள் தடவிப் பூஜை அறையில் காத்துக்கொண்டிருந்தது.

ஆடிப்பெருக்கன்று மெஷின் ஓட்டும் விழாவுக்கு வெற்றிவேலே வருகிறார் என்று உறுதியானதும் அரங்கநாதனுக்குப் பொறி தட்டியது. ஆலைக்காரன் ஆம்புலன்ஸ் கொடுத்தால் நாம் மெஷின் கொடுத்ததாக இருக்கட்டுமே? விழா நாள் காலையிலேயே பெயிண்டரை அழைத்துக்கொண்டு மில்லுக்குப் போய்விட்டார். மெஷினின் நெற்றியில் சிவப்பு எழுத்து ஏறியது: "கல்வராயன் மலை மக்களுக்கு உபயம்: அரங்கநாதன்."

அவர் மனைவி கமலா தாம்பாளத்தோடு வந்தவள் அதைப் படித்துவிட்டு நின்றாள்.

"இன்னாங்க இது? பங்கு போட்டதுல போய் உபயம்னு எழுதிக்கினு கீறீங்க?"

"அது விளம்பரம்டி. உனக்குப் புரியாது."

"எனக்குப் புரியாட்டி போவுது. அம்மனுக்குப் புரியும். கற்பூரம் காட்டப் போறாங்க."

மலர்விழியும் பார்த்தாள். அவள் நேர்மையான பெண், கேட்டும்விட்டாள். "ஐயா, உபயம்னு எழுதறாங்களே, பரவால்லீங்களா? நல்லா யோசிச்சிக்கிங்க."

"எழுதட்டும்மா. எழுத்துல இன்னா இருக்கு?"

"சரிங்க" என்று சொல்லிவிட்டு அவள் கோலப்பொடி டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அரங்கநாதன் அப்போது எழுத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கலாமா என்று பெயிண்டரோடு பேசிக்கொண்டிருந்தார்.

வெள்ளிமலையிலிருந்தும் கரியாலூரிலிருந்தும் இரண்டு வண்டி நிறையப் பெண்கள் சாமை மூட்டைகளோடு இறங்கினார்கள். வீட்டுச் சாப்பாட்டுக்கு உரலில் குத்திக் குத்திக் கை காய்த்துப்போனவர்கள். பந்தல் நிரம்பிவிட்டது. மெஷினுக்குச் சந்தனம் வைத்து, மலர்விழியின் மாமியார் குஞ்சம்மாள் கற்பூரம் காட்டினாள். பொத்தானை வெற்றிவேல் அழுத்தினார். சாமை அரிசி முத்து முத்தாக வந்து விழ, முதல் படி அரிசியைக் குஞ்சம்மாள் அம்மன் படத்துக்கு முன்னால் வைத்தாள். மலைப் பெண்கள் அரிசியை அள்ளி அள்ளிப் பார்த்துச் சிரித்தார்கள். அதைப் பார்த்தபோது அரங்கநாதனுக்கே நெஞ்சுக்குள் என்னவோ இளகிற்று. சதவீதம் எதுவும் இல்லாத ஒரு சந்தோஷம். அவருக்கு அது பழக்கமில்லாததால், காலையில் சாப்பிடாததன் மயக்கமோ என்று நினைத்துக்கொண்டார்.

வெற்றிவேல் மைக்கைப் பிடித்தார். விவரமான மனுஷன். மெஷின் நெற்றியைப் படித்தார். அரங்கநாதனைப் பார்த்தார். "அண்ணே, எல்லார் முன்னாடியும் கேக்கறேன். நீங்க பிசினஸ் ஆளு. இந்த மில்லுல உங்க பங்கு எவ்ளோ?"

மலர்விழி தூணைப் பிடித்துக்கொண்டாள். பூஜை அறையில் இருக்கும் பத்திரம் அரங்கநாதன் கண் முன் ஒரு தரம் வந்து போயிற்று. பொருளாளர் என்ற எழுத்து அதைவிடப் பெரிதாக வந்தது. எதிரே அத்தனை கண்கள். மைக் வேறு வாய்க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. இந்த இனத்துக்கு மைக் என்பது என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியாதா?

"பங்கா? தருமம் பண்ணதுல பங்கு கேக்கற பரம்பரையா நம்மளுது? ஒரு பைசா வேணாம்! இந்த மெஷினு இனிமே மலர்விழியோடது, மலை சனங்களோடது!"

பந்தல் அதிர்ந்தது. விசில் பறந்தது. குஞ்சம்மாள் எழுந்து வந்து, அவர் சுதாரிப்பதற்குள் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டாள். "அம்மன் முன்னாடி சொல்ட்டீங்க. உங்க குலம் நல்லா இருக்கும் சாமி."

கூட்டம் கலைந்ததும் மலர்விழி அவரிடம் வந்தாள். அழுதிருந்தாள், ஆனால் குரல் தெளிவாக இருந்தது. "ஐயா, சும்மா வாங்கிக்க எனக்கு மனசு வரல. மெஷின் விலைய மாசாமாசம் தவணையா குடுத்துடறேங்க. மில்லு மட்டும் என்னோடதாவே இருக்கட்டும்."

அரங்கநாதன் முகம் மலர்ந்தது. போனது போகட்டும், போட்டதாவது வருகிறதே! வாயைத் திறந்தார். கமலா முந்திக்கொண்டாள்.

"உபயத்துக்குத் தவணை வாங்கினா ஊரே சிரிக்கும்மா. நீ போய் மில்ல பாரு" என்றாள். கண்ணில் ஒரு குறும்பு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கணவன் உபயமாகக் கொடுத்த ஒரு பொருள் அவர் கையை நிஜமாகவே கடித்தது இதுதான் முதல் தடவை என்பது அவளுக்குத் தெரியும்.

பரவாயில்லை, பொருளாளர் பதவி இருக்கிறது. ஒரு பதவியை வைத்து ஒன்பது மில்லைப் பிடிக்கலாம். அரங்கநாதன் புது வேட்டி எடுத்தார். நன்றியுரைகூடத் தயார் செய்தார். அடுத்த வாரம் கட்சி அலுவலகத்தில் வெற்றிவேல் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார், நாற்காலியில் உட்காரவைத்தார், டீ சொன்னார். பிறகு, பொருளாளர் ஜவ்வரிசி ஆலைக்காரர்தான் என்றார்.

"அவரா? ஆம்புலன்ஸ் குடுத்தாருன்றதுக்காகவா?"

"எங்க குடுத்தாரு? குடுக்கறேன்னு சொல்லிக்கினே கீறாரு. அதான் அண்ணே விஷயம். அந்தாளு கைல போன காசு வெளிய வராது, கட்சிப் பணம் பத்திரமா இருக்கும். நீங்க மைக்க பாத்தா அறுபது பங்க அள்ளி வுட்ற ஆளு. உங்கள நம்பி எப்டிண்ணே சாவியக் குடுக்கறது?"

அறுபது என்பது இவருக்கு எப்படித் தெரியும், தெரிந்துகொண்டேதான் அன்று மைக்கில் கேட்டாரா என்று அரங்கநாதன் வாயைப் பிளந்தார். வெற்றிவேல் டீயை ஊதிக் குடித்துவிட்டு, நிதி திரட்டும் குழுவுக்கு மட்டும் அவரே தொடர்ந்து தலைவராக இருக்கவேண்டும், அந்த ஆச்சரியப்படும் முகம் வேறு யாருக்கும் வராது என்று கேட்டுக்கொண்டார்.

இப்போது அரங்கநாதன் சங்கராபுரம் பக்கம் போனால் மலர்விழி மில்லில் அவருக்கு நாற்காலி போடுகிறார்கள், கல்லாவிலிருந்து கொஞ்சம் தள்ளி. சாமைப் பொங்கல் கொடுக்கிறார்கள். மலைப் பெண்கள் பார்த்துக் கும்பிடுகிறார்கள். அவர் பங்கு போட்ட அத்தனையிலும் இன்றைக்கு லாபத்தில் ஓடுவது அந்த ஒன்றுதான், அதில் அவருக்குக் காலணா கிடையாது, அங்கே போனால்தான் அவருக்கு நன்றாகப் பசிக்கிறது. இது என்ன கணக்கு என்று கோயம்புத்தூர் வகுப்பில் யாரும் சொல்லித்தரவில்லை.

பாவம் என்று சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள், நமக்கு மனையும் இல்லை, மில்லும் இல்லை, மைக்கை நம்மிடம் யாரும் நீட்டப்போவதும் இல்லை. ஆனால், என்றைக்கோ பக்கத்து வீட்டுக்கு ஒரு கரண்டி உறைமோர் கொடுத்தீர்களே, போன வாரம் அந்த வீட்டில் சாப்பிட உட்கார்ந்து, தயிரை வாயில் வைத்ததும், "இது எங்க வூட்டு உறையாச்சே!" என்று நாலு பேர் காதில் விழும்படி சொன்னது யார்? அந்தத் தயிரில் உங்களுக்கு எத்தனை சதவீதம்?