நெசமா அண்ணாச்சியும் சக்கர நாற்காலி நோட்டீஸும்

தென்காசியில் நோட்டீஸ் அடித்தவர்கள் இரண்டே வகை. நெசமா அண்ணாச்சியோடு சண்டை போட்டவர்கள் ஒரு வகை. இனிமேல் போடப்போகிறவர்கள் இன்னொரு வகை.

பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு கல்யாணப் பத்திரிகை, கடைத் திறப்பு நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி எல்லாம் டிசைன் செய்து கொடுப்பார். பெற்றோர் வைத்த பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. எந்த வரியைக் கொடுத்தாலும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு “நெசமா?” என்று கேட்பார். தனக்கு நிச்சயமாகத் தெரியாத எதையும் அவர் கை டைப் அடிக்காது.

‘பஞ்சு போன்ற பரோட்டா’ என்று எழுதிக் கொண்டு போனவரின் கடைக்கே அண்ணாச்சி போய்த் தின்று பார்த்தார். சரியாகப் பிடிபடவில்லை என்று மறுநாளும் போனார். ஒரு கல்யாணப் பத்திரிகையில் ‘தங்கள் வரவை ஆவலுடன் எதிர்நோக்கும்’ என்பதற்குக் கீழே மாப்பிள்ளையின் சித்தப்பா பெயர் இருந்தது. அவருக்கே போன் போட்டு, “நெசமா ஆவலாத்தான் இருக்கீரா?” என்று விசாரித்தார். சித்தப்பா யோசித்துவிட்டு, “அவ்வளவுக்கெல்லாம் இல்ல” என்றாராம். பத்திரிகையிலிருந்து அவர் பெயர் போயிற்று. ‘மீளாத் துயரில்’ இருந்த மகன்களிடம் அதே கேள்வியைக் கேட்டு அடி வாங்கினார். அடித்த வேகத்தில் துயரம் உண்மைதான் என்று தெரிந்து, வரியை அப்படியே விட்டுவிட்டார்.

இந்த மனிதரிடம்தான் நானும் காஜாவும் போய் மாட்டினோம்.

அச்சன்புதூர் காஜா வளைகுடாவில் வெல்டிங் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே இடுப்புக்குக் கீழே அசைவு கிடையாது. வரப்பு, மணல், கல் எதிலும் போகிற மாதிரி எனக்கு ஒரு சக்கர நாற்காலி செய்து கொடுத்தான். தடித்த டயர். இரண்டு பக்கமும் கைக்கு ஒன்றாக இரும்புத் தண்டு. முன்னால் தள்ளினால் ஓடும், இழுத்தால் பின்னால் வரும். அதில் ஏறிய பிறகுதான் எங்கள் தெருமுனைக்கு அந்தப் பக்கத்தை யார் தயவும் இல்லாமல் பார்த்தேன்.

இதே மாதிரி நாலு பேருக்குச் செய்து விற்றால் காஜா ஊரோடு இருப்பான். இல்லாவிட்டால் திரும்ப விமானம்தான். விசா வந்து கிடந்தது. அவன் போய்விட்டால் என் நாற்காலியில் ஒரு போல்ட் கழன்றாலும் பூட்ட ஆளில்லை, நான் பழையபடி வீட்டோடு கிடக்க வேண்டியதுதான். நாங்கள் அண்ணாச்சியிடம் போனதற்கு மறுநாள் திருநெல்வேலியில் மாற்றுத்திறனாளிகளுக்கான கண்காட்சி. அதனால் நோட்டீஸுக்கு வஞ்சனையில்லாமல் எழுதினேன்: ‘எந்தத் தரையிலும் ஓடும்.’

அண்ணாச்சியின் கண்ணாடி மேலே போனது. “நெசமா?”

“நான் தினம் ஓட்டுதேன் அண்ணாச்சி.”

“எங்க ஓட்டுதே? தெருவுல. குத்தாலத்துப் பாறையில ஓடுமா? அதுவும் தரைதானட்டி.”

“பாறையில யாரு போவா?”

“நோட்டீஸ நம்பி எவனாவது போவாம்லா. அவன் விழுந்தா நீ தூக்குவியா, நான் தூக்குவனா?”

பொதுவாக ஜனங்கள் என்னிடம் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசுவார்கள், இல்லாவிட்டால் என்னை விட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவார்கள். இவர் எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகளைக் கூப்பிடுகிற மாதிரி ‘ட்டி’ போட்டு, நேரே என் முகத்தைப் பார்த்துச் சண்டை போட்டார். எனக்கும் கோபம் தலைக்கேறி, “வாங்க, பாத்துருவோம்” என்றேன்.

அன்று சாயங்காலமே காஜாவின் லோடு ஆட்டோவில் குற்றாலம் போனோம். அருவியில் சீசன் கூட்டம். அதனால் கீழே, பாறைகளுக்கு நடுவில் ஆறு பரந்து ஓடும் ஓரிடத்தில் இறங்கினோம். கணுக்கால் தண்ணீர்தான். என்னைக் கரைப் பாறையில் உட்கார வைத்துவிட்டு அண்ணாச்சி என் நாற்காலியில் ஏறினார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கொடுத்து, இரண்டு காலையும் சேர்த்துக் கட்டச் சொன்னார்.

“எதுக்கு அண்ணாச்சி?” என்றான் காஜா.

“காலு சும்மா இருக்காதுலே. சறுக்குனா தன்னால ஊனிரும். அது கள்ளாட்டம். நல்லா இறுக்கு.”

தண்டைத் தள்ளிக்கொண்டு ஆற்றுக்குள் போனார். “மணலு, சரி. கூழாங்கல்லு, சரி” என்று பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதிரி சொல்லிக்கொண்டே போனார். மேலே ரோட்டில் பஸ்காரர் விடாமல் ஹாரன் அடித்தார். ஆட்டோவை ஒதுக்கி நிறுத்த காஜா ஓடினான். அந்த நேரம் பார்த்து, நடு ஆற்றில் இரண்டு பாறைக்கு நடுவே முன் சக்கரம் மாட்டிக்கொண்டது.

தண்ணீர் கலங்கியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். சருகும் குச்சியும் மிதந்து வந்தன. மலையில் மழை. ஆறு இப்படி நிறம் மாறினால் உடனே கரையேறிவிட வேண்டும் என்பது இந்தப் பக்கத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

“காஜா” என்று கத்தினேன். ஹாரன் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. நடு ஆற்றில் காலைக் கட்டிக்கொண்டு அவர், கட்டாமலே நகர முடியாமல் கரையில் நான். சுற்றிலும் வேறு ஒரு ஈ, காக்கை இல்லை.

அண்ணாச்சி குனிந்து முடிச்சோடு மல்லுக்கட்டினார். நனைந்த முடிச்சு அவிழுமா? பிறகு தண்டைப் பிடித்து முன்னால் முன்னால் தள்ளினார். சக்கரம் இன்னும் ஆழமாக இறங்கியது.

“அண்ணாச்சி, தள்ளாதீங்க. பின்னால சாயுங்க.”

“சாஞ்சா கவுந்துரும்ட்டி.”

“கவுந்துராது.”

“நெசமா?”

உயிர் போகிற நேரத்திலும் அதே கேள்வி. எனக்கு மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. “நெசந்தான் வே, நீரு சாயும்” என்றேன்.

சாய்ந்தார். முன் சக்கரம் லேசாக எழும்பியது.

“இடது கைய இழுங்க. வலது கைய மட்டும் தள்ளுங்க. விட்டுராதீங்க.”

தண்ணீர் அவர் முழங்காலைத் தொட்டது. நாற்காலி பக்கவாட்டில் நகர்ந்தது. என் கைகள் வெறும் காற்றில் தண்டை இழுத்துக்கொண்டிருந்தன. ஒரு குலுக்கு. சக்கரம் இடுக்கை விட்டு ஏறி, கரையைப் பார்த்துத் திரும்பியது. காஜா ஓடி வந்து மீதித் தூரம் இழுத்தான். திரும்பிப் பார்த்தால், அண்ணாச்சி மாட்டியிருந்த பாறைகளைக் காணோம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. “அந்த வரிய எடுத்துருங்க அண்ணாச்சி” என்றேன்.

அவருக்குப் பல் கிடுகிடுவென்று அடித்தது. “வண்டி ஓடத்தானட்டி செஞ்சுது. ஓட்டத் தெரியாத பய ஏறுனதுக்கு அது என்ன பண்ணும்?”

மறுநாள் கண்காட்சி மேஜையில்தான் நோட்டீஸைப் பார்த்தேன். ‘பழகிக்கொண்டால் பாறையிலும் ஓடும். வெள்ளத்தில் இறக்க வேண்டாம்.’ கீழே, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ‘ஓட்டக் கற்றுக் கொடுப்பவர்’ என்று என் பெயரும் செல் நம்பரும். அதற்கு முன்னால் என் பெயர் வந்த நோட்டீஸ்களில் எல்லாம் நான் ‘உதவி பெறுவோர்’ பட்டியலில்தான் இருந்தேன். அவரைத் திட்டுவதற்காக எடுத்த போனைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடையத்திலிருந்தும் ராயகிரியிலிருந்தும் ஆட்கள் வந்து என்னிடம் ஓட்டப் பழகினார்கள். வாங்கியும் போனார்கள். காஜாவின் விசா காலாவதியானது.

ஆனால் அந்த நம்பருக்கு வந்த முதல் அழைப்பு அண்ணாச்சியுடையது. “நம்பரு வேலை செய்யுதான்னு பாத்தேன்” என்றார். நோட்டீஸ் தீர்ந்து எத்தனையோ மாதம் ஆகிவிட்டது, இன்னும் சனிக்கிழமை காலையில் கூப்பிட்டு அதையேதான் சொல்கிறார். அந்த நேரத்தில் வேறு யார் கூப்பிட்டாலும் நான் எடுப்பதில்லை.